சிலுவார் இல்லாமல் ஒரு ரயில் பயணம்

"சிலுவார் எங்கடா?"

கிள்ளானிலிருந்து அழைத்த அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்ற வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை. லண்டனில் அப்போது இரவு பதினொரு மணி. கிள்ளானில் காலை ஏழு. முகநூலில் படத்தைப் பார்த்த சித்தி, பல் துலக்குவதற்கு முன்பே அம்மாவுக்குச் செய்தி சொல்லிவிட்டார்.

படத்தில் நான் ரயிலில் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், மேலே கனத்த கோட்டு, காலில் காலுறை, சப்பாத்து. எல்லாம் ஒழுங்கு. நடுவில்தான் பிரச்சினை. அங்கே நீலக் கட்டம் போட்ட உள்காற்சட்டை மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, வெயிலைப் பார்த்து மூன்று மாதம் ஆன என் கொக்குக் கால்கள்.

"அது ஒரு விளையாட்டும்மா. எல்லாரும்தான் கழட்டுனாங்க."

"எல்லாரும் கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா? ரேடியோவுல பேசப் படிக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போன?"

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "விடு. நான் தினமும் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். என்னைய யாராச்சும் படம் புடிச்சாங்களா?"

அப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். யோசித்தால் அதில் விஷயம் இருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் முழங்கால் தெரிய வேட்டியை மடித்துக் கட்டிய ஆயிரக்கணக்கான ஆண்களைப் பார்க்கிறோம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே கால், ஜனவரிக் குளிரில், கோட்டுக்குக் கீழே, லண்டன் பாதாள ரயிலில் தெரிந்தால் சிரிப்பு வருகிறது. காலில் ஒன்றும் இல்லை. இடம்தான் சிரிப்பு.

அது 2013 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் பாதாள ரயிலுக்கு 150 வயது நிறைந்த வாரம். 1863 ஜனவரி 10ஆம் தேதி பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே அது பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. உலகின் முதல் பாதாள ரயில் அதுதான். பிறந்த நாளைக் கொண்டாட, அதே ஞாயிறன்று பழைய நீராவி இன்ஜின் ஒன்றைச் சுரங்கப் பாதையில் ஓட்டினார்கள். பெரியவர்கள் அந்தக் கொண்டாட்டத்துக்குப் போனார்கள். நாங்கள் இந்தக் கொண்டாட்டத்துக்குப் போனோம்.

ஏழு பேரில் தொடங்கியது

இந்தக் கூத்து நியூயார்க்கில் பிறந்தது. சார்லி டாட் என்ற நகைச்சுவை நடிகர் 2001இல் 'இம்ப்ரோவ் எவ்ரிவேர்' என்ற குழுவைத் தொடங்கினார். பொது இடத்தில், முன்னறிவிப்பு இல்லாமல், யாருக்கும் தீங்கு இல்லாத ஒரு வேடிக்கையை நடத்திவிட்டுக் கலைந்து போவதுதான் அவர்களின் வேலை. பார்த்தவர்களுக்கு வீட்டில் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைக்கும். காசு கிடையாது, மேடை கிடையாது.

2002 ஜனவரியில் ஏழு இளைஞர்கள் ஒரே ரயிலில், அடுத்தடுத்த ஏழு நிலையங்களில், ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒருவர் இடுப்புக்குக் கீழேயும் சிலுவார் இல்லை. ஒருவரை ஒருவர் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. முதல் ஆள் ஏறியபோது பயணிகள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பெரிய நகரத்தில் அப்படித்தானே? இரண்டாவது ஆள் ஏறியதும் தலைகள் நிமிர்ந்தன. மூன்றாவது, நான்காவது என்று போனபோது, அதுவரை ஒருவரை ஒருவர் பார்க்காத பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் எட்டாவதாக ஒருவர் பையோடு வந்து, ஒரு டாலருக்குச் சிலுவார் விற்றார்!

அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. 2006இல் நியூயார்க் போலீஸ் ரயிலை நிறுத்தி எட்டுப் பேருக்கு விலங்கு மாட்டியது. பின்னர் வழக்குத் தள்ளுபடியானது. 2016இல் மாஸ்கோவில் இதே வேடிக்கைக்குப் போலீஸ் விசாரணை வந்தது. ஆனாலும் நான் கலந்துகொண்ட ஆண்டில் உலகெங்கும் சுமார் 60 நகரங்களில் இது நடந்தது. கொரோனா காலத்தில் நின்றுபோய், லண்டனில் 2023 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது.

அமெரிக்காவில் இதற்குப் பெயர் 'நோ பேண்ட்ஸ்' பயணம். லண்டனில் அந்தப் பெயரை வைக்க முடியாது. பிரிட்டிஷ்காரர்களுக்கு 'பேண்ட்ஸ்' என்றால் உள்ளே போடுவது. 'நோ பேண்ட்ஸ்' என்று அழைத்தால் வேறு மாதிரி ஆட்கள் வந்து நிற்பார்கள்! அதனால் அங்கே 'நோ டிரவுசர்ஸ்' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு சொல் மாறினால் எத்தனை பேர் மானம் போகும் என்பதை ஒலிபரப்புப் பாடத்தைவிட இந்தப் பெயர்தான் எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தது.

சிரிக்கக் கூடாது

என்னை இதில் இழுத்துவிட்டவன் என் அறைத்தோழன். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையன். லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவன். "டேய் மச்சான், வாறியா? ஒருக்கா வந்து பார்" என்றான். ஒருக்காதான் போனேன். பன்னிரண்டு வருடமாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கலந்துகொள்ள இரண்டே தகுதிகள்: ரயிலில் சிலுவாரைக் கழற்றும் துணிவு வேண்டும், அப்போது சிரிக்காமல் இருக்கவும் தெரிய வேண்டும். முதலாவது சுலபம். இரண்டாவதுதான் கடினம்.

மற்ற விதிகளையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளிகளோடு பேசக்கூடாது. உள்ளாடை சாதாரணமாக இருக்க வேண்டும். பார்ப்பவர் முகம் சுளிக்கும்படி எதையும் போட்டுக்கொண்டு வரக்கூடாது. கழற்றிய சிலுவாரை மடித்துப் பையில் வைத்துவிட்டு, செய்தித்தாள் படிக்கலாம், கைப்பேசியைப் பார்க்கலாம். யாராவது கேட்டால், "அட, மறந்துவிட்டேன்" என்றோ "கொஞ்சம் இறுக்கமாக இருந்தது" என்றோ சொல்ல வேண்டும். பக்கத்தில் இன்னொருவரும் அப்படி நிற்கிறாரே என்றால், "ஆமாம், ஆச்சரியம்தான்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பிக்காடில்லி தடத்தில் லெஸ்டர் ஸ்குவேரில் ஏறினோம். அடுத்த நிலையம் கோவென்ட் கார்டன். அந்தப் பாதாள ரயிலிலேயே மிகக் குறைந்த தூரம் இந்த இரண்டுக்கும் இடையில்தான். ஏறக்குறைய 260 மீட்டர். கதவு மூடுவதற்கும் அடுத்த கதவு திறப்பதற்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் கழற்ற வேண்டும் என்று எங்கள் குழுத் தலைவர் சொல்லியிருந்தார். கழற்றினேன். வலது சப்பாத்தில் சிலுவார் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் குதித்தேன். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் செய்தித்தாளை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு அங்குலம் மேலே ஏற்றிக்கொண்டார்.

பிறகு உட்கார்ந்தேன். அந்த ரயில் இருக்கைகளில் சொரசொரப்பான ஒரு வெல்வெட் துணி போட்டிருப்பார்கள். சிலுவார் போட்டவர்களுக்கு அது எப்படிப்பட்ட துணி என்று தெரியவே தெரியாது.

முதல் இரண்டு நிலையங்களுக்கு எனக்கு வெட்கம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. அந்தப் பெட்டியில் சிலுவார் இல்லாதவர்கள் ஒன்பது பேர். பழுப்பு நிறத்தில் இருந்தது நாங்கள் இருவர் மட்டும். வெள்ளைக்காரப் பையன் செய்தால் குறும்பு, நான் செய்தால் போலீசைக் கூப்பிடுவார்களோ என்ற எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒரு சிறுமி தன் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்பா எங்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், "ஒன்பது" என்றார். அந்தப் பெண், "பத்து, கதவுப் பக்கம் ஒருவர் இருக்கிறார்" என்று திருத்தினார். லண்டனில் நான் இருந்த காலத்தில், ரயிலில் இரண்டு அந்நியர்கள் பேசிக்கொண்டதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

"குளிரேல்லையோ தம்பி?"

கிங்ஸ் கிராஸில் ஓர் அம்மா ஏறினார். சேலை, அதன்மேல் நீளக் கோட்டு, தோளில் ஒரு பழுப்புச் சால்வை, கையில் கடைப் பை. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். என் எதிரே வந்து அமர்ந்தார். அந்த நேரம் பார்த்து ரயில் குலுங்கியது. நின்றிருந்த ஒருவர் என் காலை மிதித்தார். "ஐயையோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் தமிழோ?"

விதி ஞாபகம் வந்தது. சிரிக்காமல், "ஆமாங்க" என்றேன்.

"குளிரேல்லையோ தம்பி?"

"இல்லைங்க. சிலுவார் போட மறந்துட்டேன்."

நான் எதிர்பார்த்தது சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. உடம்பை முன்னால் சாய்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஆரும் களவெடுத்துப் போட்டினமோ? அடிச்சவையோ? படிக்க வந்த பிள்ளையோ நீங்கள்?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தோளிலிருந்த சால்வையை உருவி என் மடியில் போட்டார். "இந்தாங்கோ, இதைச் சுத்துங்கோ. வீடு எங்கை?"

பெட்டியில் இன்னும் ஒன்பது பேர் அப்படி இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை. அவர் கண்ணில் பட்டது ஒரு தமிழ்ப் பிள்ளை. குளிரில், உடுப்பில்லாமல், ஊர் தெரியாத ஊரில். அவர் எந்தக் காலத்தில், எந்த நிலையில் அந்த நாட்டுக்கு வந்து இறங்கினாரோ எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணில் இருந்தது எனக்காக மட்டும் வந்த பயம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

என் அறைத்தோழன் தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினான்: சொல்லாதே, விதி.

சொல்லிவிட்டேன். "அம்மா, மன்னிச்சுக்குங்க. யாரும் எதுவும் செய்யல. இது ஒரு விளையாட்டு. அங்க பாருங்க, அவங்களும் அப்படித்தான். சிலுவார் பையிலதான் இருக்கு." பையைத் திறந்தும் காட்டினேன்.

அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "விசர்ப் பிள்ளையள்!" என்றார். சால்வையைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. "இறங்குமட்டும் வைச்சிருங்கோ. விளையாட்டெண்டாலும் குளிர் குளிர்தானே?"

அவர் இறங்கும்வரை அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் இருந்தேன். விதியை மீறியவன் என்று அறைத்தோழன் ஒரு வாரம் கேலி செய்தான். இன்றைக்கும் அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முகம் தெரியாத சிரிப்பு

ஊடகம் படிக்கும் எங்கள் வகுப்பில் அந்த மாதம் முழுக்க வேறொரு கேலியைப் பற்றித்தான் பேச்சு. 2012 டிசம்பர் 4ஆம் தேதி, ஆஸ்திரேலிய வானொலி அறிவிப்பாளர்கள் இருவர், லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு எலிசபெத் மகாராணி போலவும் இளவரசர் சார்ல்ஸ் போலவும் குரலை மாற்றிப் பேசினார்கள். அங்கே கேட் இளவரசியார் சிகிச்சையில் இருந்தார். தொலைபேசியை எடுத்த தாதி, இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். நம்பி, அழைப்பை உள்ளே மாற்றிக் கொடுத்தார். அது ஒலிபரப்பானது, உலகமே சிரித்தது. மூன்று நாள் கழித்து அந்தத் தாதி உயிருடன் இல்லை.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. அதை நான் சொல்ல வரவில்லை. ஆனால் அறிவிப்பாளராக வேண்டும் என்று கனவு கண்ட எங்களுக்கு அது உறைத்தது. ரயிலில் நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், நிறுத்தினேன். தொலைபேசியில் முகம் இல்லை.

அவ்வளவு தெரிந்திருந்தும் நான் அதே தவற்றைச் செய்தேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் நியாயம் இல்லை.

நாடு திரும்பி, ஒரு வானொலியில் காலை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்த காலம். நேயர்களின் சொந்தக்காரர்களை அழைத்து ஏமாற்றும் அங்கம் ஒன்று இருந்தது. கேட்டிருப்பீர்கள், ரசித்தும் இருப்பீர்கள். ஒரு நேயர் தன் அக்காள் கணவரின் எண்ணைக் கொடுத்தார். லோரி ஓட்டுநர். நான் அவருடைய கம்பெனி கிராணி போலப் பேசினேன். "நேற்று இறக்கிய சாமான் கணக்கில் குறைகிறது, உங்கள் மேல்தான் சந்தேகம்" என்றேன்.

கோபப்படுவார், கத்துவார், சிரிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "ஐயா, என் மேல தப்பு இருந்தா சம்பளத்துல புடிச்சுக்குங்க ஐயா. வேலைய விட்டு மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

அந்த 'ஐயா'வில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நிமிடம் இழுத்தேன். பிறகு உண்மையைச் சொன்னோம். அவரும் சிரித்தார். ஒலிபரப்பலாமா என்று கேட்டோம், சரி என்றார். ஒலிபரப்பானது. செம காமெடி என்று செய்திகள் குவிந்தன.

சில மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் ஓர் இளம்பெண் என்னிடம் வந்து, "நீங்க எங்க அப்பாவ ஏமாத்துனீங்கதானே?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சொன்னாள்: "இப்பல்லாம் அப்பா தெரியாத நம்பர் வந்தா எடுக்கிறதே இல்ல. அன்னைக்குக் கை நடுங்கிருச்சு அவருக்கு."

அவள் மூலமாக மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். "பரவால்ல தம்பி, உங்க வேலை அது" என்று ஒரு குரல் பதிவு வந்தது. என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த அங்கத்தை நான் செய்யவில்லை.

சிலுவார் இல்லாத பயணத்தில் வெட்கம் முழுவதும் என்னுடையது. பயணிகளுக்குச் சிரிப்பு மட்டும். லோரி ஓட்டுநர் விஷயத்தில் சிரிப்பு எங்களுடையது. வெட்கமும் பயமும் அவருடையது. இரண்டுக்கும் நாம் 'பிராங்க்' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

ஏழு டிபன் கேரியர்

விளையாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்ற ஆண்டு, தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிறு, நண்பர்கள் எட்டுப் பேர் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில் ஒரு வேலை பார்த்தோம். சிலுவாரைக் கழற்றவில்லை! நம் ஊருக்கு அது ஒத்துவராது. தாமான் பஹாகியாவில் முதல் ஆள் ஏறினார், கையில் எவர்சில்வர் டிபன் கேரியரோடு. தாமான் பாரமவுண்டில் அதேபோன்ற கேரியரோடு இரண்டாவது ஆள். ஆசியா ஜெயா, தாமான் ஜெயா, யுனிவர்சிட்டி, கெரிஞ்சி என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை. ரயிலில் சாப்பிடக் கூடாது என்பதால் யாரும் மூடியைத் திறக்கவும் இல்லை.

நான்காவது கேரியர் ஏறியபோது ஒரு மலாய்ப் பெரியவர், "இன்றைக்கு எங்கேயாவது கெண்டூரியா?" என்று பக்கத்திலிருந்த சீன அன்டியிடம் மலாயில் கேட்டார். அன்டி, "என்னைக் கூப்பிடவில்லையே" என்றார். அப்துல்லா ஹூக்கூமில் ஏழாவது கேரியராக நான் ஏறினேன். அதற்குள் பெட்டி முழுக்க எங்களை எண்ணிக்கொண்டிருந்தது. எல்லாருடைய முகத்தையும் பார்த்தேன். ஒரு முகத்திலும் பயம் இல்லை.

பங்சாரில் கதவு திறந்தது. எட்டாவது ஆள் ஏறினார். கையில் கேரியர் இல்லை. கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றுகிற பெரிய கரண்டி ஒன்று மட்டும் இருந்தது.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அன்டி தன் பையை நகர்த்தி, கரண்டிக்காரருக்கு உட்கார இடம் கொடுத்தார். கே.எல். சென்ட்ரலில் நாங்கள் எட்டுப் பேரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, எட்டுத் திசையில் போய்விட்டோம். கதவு மூடும்போது அந்த மலாய்ப் பெரியவரும் அன்டியும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை, இரவல் வாங்கிய டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்கக் கிள்ளான் போனேன். அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். கரண்டி ஏறிய இடத்தில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரியரைக் கழுவி எடுத்து வைத்தார். பிறகு, சந்தேகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சிலுவார் போட்டிருந்ததானே?"